கூடாரம் வாங்கியாயிற்று, அனுமதி வாங்கினீர்களா?

மாங்காட்டில் ஒரு வீடு. வீட்டுக்காரருக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை. அவருடைய மனைவி பூந்தமல்லியில் தையல் கடை வைத்திருக்கிறார். இரண்டு பிள்ளைகள். வீட்டில் ஓர் ஆயாவும் உண்டு.

அந்த வீட்டுக்கு ஒரு நாள் பெரிய பொட்டலம் ஒன்று வந்தது. பிரித்தார்கள். உள்ளே ஒரு கூடாரம்! நாலு பேர் படுக்கலாம். மடித்தால் தலையணை அளவுதான். பிள்ளைகள் அதை மொட்டை மாடியில் நட்டு, அன்று இரவே உள்ளே படுத்தார்கள். கொசுக்கடி தாங்காமல் பத்து மணிக்கெல்லாம் கீழே இறங்கி வந்தது வேறு கதை.

"முழுப் பரீட்சை முடிந்ததும் மலைக்குப் போகிறோம். காட்டுக்குள்ளே கூடாரம் போட்டுப் படுக்கப் போகிறோம்" என்றார் தகப்பனார்.

ஆயா கேட்டார்: "காடு யாருதுடா? யாரைக் கேட்டே?"

பதில் இல்லை. கூடாரம் வாங்கியாயிற்று. டார்ச் லைட் வாங்கியாயிற்று. பிள்ளைகளுக்கு முதுகில் மாட்டும் பையும் வாங்கியாயிற்று. ஆனால் யாரையும் கேட்கவில்லை!

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. சென்னையைச் சுற்றி இன்று எத்தனையோ வீடுகளில் இதே ஏற்பாடுதான் நடக்கிறது. மூட்டையை முதலில் கட்டுகிறார்கள். ஊரை அப்புறம் தேடுகிறார்கள். தேதியைப் பள்ளிக்கூடத்து விடுமுறை முடிவு செய்கிறது. அனுமதி என்பது பலருக்கு நினைவுக்கே வருவது இல்லை.

காட்டுப் பயணத்துக்கு இந்த வரிசை உதவாது. தலைகீழாக மாற்ற வேண்டும். முதலில் தேதி. அடுத்து அனுமதி. அதற்கு அடுத்து வழிகாட்டி. மூட்டை கடைசியில்தான்.

போக வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. போகத்தான் வேண்டும்! மாங்காடு என்ற பெயரிலேயே காடு இருக்கிறது. மாமரக் காடாக இருந்த ஊர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இன்று அங்கே ஒரு பிள்ளைக்கு மாமரத்தைக் காட்ட வேண்டும் என்றால், எந்த வீட்டுக் கொல்லையில் மிச்சம் இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும். அந்தப் பிள்ளை ஒரு தடவையாவது உண்மையான காட்டைப் பார்க்கட்டும். ஆனால் பத்திரமாகப் பார்க்கட்டும்.

குரங்கணியில் நடந்தது

2018-ம் ஆண்டு மார்ச் மாதம் 11-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை.

தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி மலை இருக்கிறது. சென்னையில் இருந்து ஒரு கூட்டம் அங்கே போயிருந்தது. அதில் பெண்கள் அதிகம். ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்தில் இருந்தும் ஒரு கூட்டம் போயிருந்தது. மேலே கொழுக்குமலையைப் பார்த்துவிட்டு இறங்கி வந்துகொண்டு இருந்தார்கள். மார்ச் மாதத்து வெயிலில் மலை முழுவதும் புல் காய்ந்து கிடந்தது. ஆள் உயரப் புல்!

தீ பிடித்தது. சிதறி ஓடினார்கள். வழி தெரிந்தவர்கள் குறைவு. புகையில் கண் தெரியவில்லை. சிலர் பள்ளத்தில் விழுந்தார்கள். சிலர் அங்கேயே மாண்டார்கள். மற்றவர்கள் ஆஸ்பத்திரியில் தீக்காயத்தோடு போராடி, ஒருவர் பின் ஒருவராகக் கண்ணை மூடினார்கள். மொத்தம் 23 பேர்.

விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் வந்தன. கமாண்டோ வீரர்கள் வந்தார்கள். ஆனால் அவர்களுக்கு முன்னால் ஓடி வந்தவர்கள் அந்த மலை ஊர்க்காரர்கள்தான். உடம்பு வெந்தவர்களைத் துணியிலும் கம்பளியிலும் கிடத்தி, தோளில் சுமந்து இறக்கினார்கள்.

அந்தப் பாதையில் போவதற்கு முறையான அனுமதி பெறவில்லை என்று அரசாங்கம் பிறகு சொன்னது. இறந்தவர்கள் முட்டாள்கள் அல்ல. நன்றாகப் படித்தவர்கள். நல்ல வேலையில் இருந்தவர்கள். 'அழைத்துப் போகிறவர்கள் எல்லாம் பார்த்துக்கொள்வார்கள்' என்று நம்பினார்கள். நீங்களும் நானும் அப்படித்தானே நம்பி இருப்போம்?

தீ ஏன் அவ்வளவு வேகமாக வந்தது? வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி, எரிகிற தலை மேலே இருக்கும்படி பிடியுங்கள். மெதுவாக எரியும். தலையைக் கீழே திருப்புங்கள். சடசடவென்று மேலே ஏறி விரலைச் சுட்டுவிடும். (பிள்ளைகள் இதைப் பெரியவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும்!) மலைத் தீயும் அப்படித்தான். அனல் மேலே போகிறது. மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காயவைத்து விடுகிறது. சரிவு 10 பாகை கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரு மடங்கு ஆகும் என்பது தீயணைப்பவர்களின் கணக்கு. மனிதனோ மேட்டில் ஏற ஏற மூச்சு வாங்குகிறான். மேல் நோக்கி ஓடினால் ஜெயிப்பது தீதான். புல் இல்லாத பாறை, ஓடைத் தண்ணீர், ஏற்கெனவே எரிந்து அணைந்த கரி நிலம் இவற்றை நோக்கித்தான் போக வேண்டும்.

மாங்காட்டு ஆயா இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நம்ம அம்மன் அஞ்சு தீ நடுவுலே ஒத்தக் கால்லே நின்னா. அவ நிப்பா. நாம நிக்க முடியுமா?"

எந்த மாதம் போகலாம்?

இதனால்தான் தேதி முதலில் என்றோம்.

பிப்ரவரி பாதியில் இருந்து ஏப்ரல் பாதி வரை காட்டுத் தீக் காலம். அந்த இரண்டு மாதமும் மலை ஏறும் பாதைகளை வன இலாகா மூடி வைப்பது வழக்கம். அதற்குப் பிறகும் கோடை மழை பெய்து புல் நனைகிற வரை ஆபத்து தீராது. நம் பிள்ளைகளின் முழுப் பரீட்சை முடிவதும் அந்தச் சமயத்தில்தான். பள்ளிக்கூடம் விடுமுறை விடுகிற நேரம் வேறு. காடு கதவைத் திறக்கிற நேரம் வேறு.

ஜூன் பிறந்தால் மேற்கு மலையில் தென்மேற்குப் பருவமழை. வால்பாறைப் பக்கத்தில் சின்னக்கல்லாறு என்று ஓர் இடம் இருக்கிறது. தமிழ்நாட்டிலேயே மழை மிக அதிகமாகக் கொட்டும் இடங்களில் அது ஒன்று. அப்போது போனால் காலில் அட்டை ஏறும். பாதை வழுக்கும். ஓடை திடீரென்று பெருகும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை. மீதி என்ன? டிசம்பர் கடைசியும், ஜனவரியும்! அரையாண்டு விடுமுறை, பொங்கல் விடுமுறை. குளிர் இருக்கும். ஆனால் வானம் வெளுத்திருக்கும். புல்லில் பச்சை இருக்கும். குடும்பத்தோடு போக அதுதான் காலம்.

டாப்ஸ்லிப் போய் வரலாம்

எங்கே போவது? நம்மைக் கேட்டால் ஆனைமலை என்போம்.

கோவை வரை ரெயில். அங்கிருந்து பொள்ளாச்சிக்கு பஸ், 40 கிலோமீட்டர். பொள்ளாச்சியில் இருந்து ஆனைமலை, சேத்துமடை வழியாக டாப்ஸ்லிப் சுமார் 35 கிலோமீட்டர். ஆனைமலையில் மாசாணி அம்மன் கோவில் இருக்கிறது. அம்மன் படுத்த கோலத்தில் இருப்பாள். ஆயாக்கள் அங்கே இறங்காமல் விடமாட்டார்கள். அதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள்! சேத்துமடையில் வன இலாகாவின் சோதனைச் சாவடி. அதைத் தாண்டினால் காடு.

டாப்ஸ்லிப் என்ற பெயர் எப்படி வந்தது? வெள்ளைக்காரர் காலத்தில் இந்த மலையில் தேக்கு மரங்களை வெட்டினார்கள். மலை உச்சியில் இருந்து கட்டைகளைச் சறுக்கி விட்டார்கள். கீழே விழுந்ததை வண்டி ஏற்றினார்கள். பம்பாயில் கப்பல் கட்ட மரம் போயிற்று. வெட்டி வெட்டி மலை மொட்டை ஆனது.

அப்புறம் ஹியூகோ உட் என்று ஒரு வன அதிகாரி வந்தார். அவர் தினமும் காட்டில் நடப்பார். சட்டைப் பை நிறையத் தேக்கு விதை வைத்திருப்பார். கைத்தடியால் மண்ணில் குத்துவார். குழியில் விதையைப் போடுவார். நடப்பார். மறுபடி குத்துவார். இப்படியே மலையை மறுபடி பச்சை ஆக்கினார் என்று சொல்கிறார்கள். 1933-ல் அவர் இறந்தார். அவருடைய கல்லறை அங்கேயே, மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

பக்கத்தில் கோழிகமுத்தி. அங்கே வன இலாகாவின் யானை முகாம் இருக்கிறது. மலசர் என்ற பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக யானைப் பாகர்களாக இருக்கிறார்கள். கலீம் என்ற கும்கி யானையைக் கேள்விப்பட்டு இருப்பீர்கள். ஊருக்குள் புகுந்த முரட்டு யானைகளை எல்லாம் அடக்கிய யானை அது. 2023-ல் 60 வயதில் ஓய்வு கொடுத்தார்கள். அதிகாரிகள் வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள்! மனிதர்களில் எத்தனை பேருக்கு அந்த மரியாதை கிடைக்கிறது?

அதிர்ஷ்டம் இருந்தால் இருவாச்சிப் பறவையைப் பார்க்கலாம். பெரிய மஞ்சள் அலகு. பறந்தால் ரெயில் போவது போலச் சத்தம் கேட்கும். முட்டை இடும் காலத்தில் பெண் பறவை மரப் பொந்துக்குள் போய் உட்கார்ந்து வாசலை அடைத்துக்கொள்ளும். சின்னச் சந்து மட்டும் இருக்கும். ஆண் பறவை பழம் பொறுக்கி வந்து அந்தச் சந்து வழியே ஊட்டும். ஆண் பறவையை ஒருவன் சுட்டுவிட்டால், உள்ளே இருக்கும் தாயும் குஞ்சுகளும் பட்டினி.

சரி, கூடாரம்? இதைத்தான் அந்தத் தகப்பனாரும் கேட்டார். ஆனைமலை 2007-ல் புலிகள் காப்பகம் ஆனது. புலி, சிறுத்தை, யானை, கரடி எல்லாம் நடமாடும் இடம். அங்கே நம் இஷ்டத்துக்குக் கூடாரம் அடிக்க முடியாது. அனுமதி இல்லாமல் உள்ளே நுழைவதே 1972-ம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வன இலாகாவின் விடுதி அறைகளில்தான் தங்க வேண்டும். முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். கூடாரத்தில் படுத்தே தீர வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடித்தால், டாப்ஸ்லிப்பைத் தாண்டி பரம்பிக்குளம் இருக்கிறது. அது கேரள அரசாங்கத்தின் காடு. அங்கே அவர்களே கூடாரம் போட்டு வாடகைக்கு விடுகிறார்கள். அங்கே இருக்கும் கன்னிமாரா தேக்கை ஐந்து பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும்.

மலையில் நடக்க ஆசையா? குரங்கணிக்குப் பிறகு, 2018-லேயே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024-ல் அரசாங்கமே 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 பாதைகளைத் திறந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். பணம் கட்டிப் பதிவு செய்தால், பயிற்சி பெற்ற வழிகாட்டி கூட வருவார். பலர் அந்த மலைகளிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். யானை போன பாதையை வாசனையிலேயே சொல்லிவிடுவார்கள். அந்த 40-ல் குரங்கணிப் பாதையும் ஒன்று.

வேறு ஒரு பாதையும் உண்டு. செல்போனில் விளம்பரம் வரும். 'யாரும் போகாத காடு. இரவு தங்கலாம். கேம்ப் ஃபயர் உண்டு. பாட்டு உண்டு' என்று படம் போடுவார்கள். விலையும் குறைவாக இருக்கும். அவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "வன இலாகாவின் அனுமதிச் சீட்டைக் காட்டுங்கள்." காட்டினால் பேசலாம். "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்றால், பணத்தைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.

முதலில் குடியம்

மாங்காட்டில் இருந்து நேரே பெரிய மலைக்கு ஓட வேண்டாம். ஒத்திகை ஒன்று வேண்டும். திருவள்ளூர் மாவட்டத்தில், பூண்டி ஏரிக்கு அந்தப் பக்கம் குடியம் குகைகள் இருக்கின்றன. அதுவும் அந்த 40 பாதைகளில் ஒன்று. எளிதான பாதை. காலையில் புறப்பட்டுச் சாயந்திரம் திரும்பிவிடலாம். கற்கால மனிதர்கள் தங்கிய இடம் அது. நம் பக்கத்துப் பல்லாவரத்தில்தான் 1863-ல் ராபர்ட் புரூஸ் பூட் என்ற வெள்ளைக்காரர் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய சரித்திரமே அந்தக் கல்லால் நீண்டது. அந்தக் கல்லைச் செதுக்கியவர்கள் கூடாரம் வாங்காமலே காட்டில் குடும்பம் நடத்தியவர்கள்!

குடியம் வரை நடந்தால் பல விஷயம் தெரிந்துவிடும். புது பூட்ஸ் எங்கே கடிக்கிறது? சின்னவன் எத்தனை கிலோமீட்டர் அழாமல் நடப்பான்? ஒரு ஆளுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? இதெல்லாம் டாப்ஸ்லிப்பில் போய்த் தெரிந்துகொள்ளும் விஷயம் அல்ல.

மூட்டையைப் பற்றி நீட்டி எழுத அவசியம் இல்லை. ரப்பர் செருப்பு உதவாது. காலை மூடும் பூட்ஸ் வேண்டும். பளபளக்கும் வெள்ளை, சிவப்பு வேண்டாம். பச்சை, காக்கி, பழுப்பு நல்லது. சென்ட் வேண்டாம். தாய்மார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, தலையில் மல்லிகையும் வேண்டாம்! முதல் நாளுக்குப் புளியோதரை கட்டிக்கொள்ளலாம். மிச்சத்தைக் குரங்குக்குப் போடாதீர்கள். ஒரு நாள் போட்டால் மறுநாள் வருகிறவரின் கையைக் கடித்துப் பிடுங்கும். பிளாஸ்டிக் பையைக் காட்டில் வீசினால் மான் தின்னும். தின்ற மான் சாகும். இருட்டிய பிறகு அறையை விட்டு வெளியே காலை வைக்காதீர்கள். யானை கறுப்பு, இருட்டும் கறுப்பு. பத்தடிக்கு வந்த பிறகுதான் தெரியும்.

இன்னொன்று. மலையில் செல்போன் பேசாது. போகும் பாதை, தங்கும் இடம், திரும்பும் நாள், வனச் சாவடியின் டெலிபோன் நம்பர் நாலையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்றால் தேடுவதற்கு ஓர் ஆள் வேண்டும் அல்லவா?

பாம்பு கடித்தால் கத்தியால் கீறாதீர்கள். வாயால் உறிஞ்சாதீர்கள். கயிறு போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட காலை அசைக்காமல், நடக்கவும் விடாமல், ஆளைத் தூக்கிக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும்.

அரசாங்கத்துக்குச் சில வார்த்தைகள்

"இவ்வளவு ஆபத்து இருக்கிறதே, காட்டை எல்லோருக்கும் மூடிவிட்டால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். நாம் அதை ஒப்பமாட்டோம். மூடினால் யாருக்கு மூடும்? மலையில் பங்களாவும் சொகுசு விடுதியும் வைத்திருப்பவர்களுக்கு மூடாது. அம்பத்தூர்த் தொழிலாளியின் பிள்ளைக்குத்தான் மூடும். காட்டைப் பார்க்காத பிள்ளை, நாளைக்குக் காடு அழிகிறது என்றால் ஏன் வருத்தப்படப் போகிறது?

வழி திறந்திருக்கிறது. ஆனால் அந்த வழி எல்லோருக்கும் தெரியவில்லை. கணினியில் பதிவு செய்யத் தெரிந்தவருக்குக் காடு பக்கம். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்குக் காடு தூரம். தப்பான ஆள் கையில் அவர் சிக்குவது அதனால்தான். இ-சேவை மையத்தில் போய், "இத்தனாந் தேதி, இத்தனை பேர்" என்று வாயால் சொல்லிச் சீட்டு வாங்கும் வசதி ஊருக்கு ஊர் வேண்டும். எந்தப் பாதை திறந்திருக்கிறது, எது மூடி இருக்கிறது என்று வாராவாரம் தமிழில் வெளியிட வேண்டும். வானொலியில் சொல்லலாம். பஸ் நிலையத்தில் பலகை வைக்கலாம். கட்டணமும் ஏழைக் குடும்பம் தாங்கும்படி இருக்க வேண்டும். ஐந்து பேர் போனால் ஒரு மாதச் சம்பளத்தில் பாதி கரைந்துவிடக் கூடாது. அனுமதி இல்லாமல் ஆள் சேர்த்துக் காட்டுக்குள் இழுத்துப் போகிறவர்கள் மீது, ஆபத்து நடந்த பிறகு அல்ல, விளம்பரம் போட்ட அன்றே வழக்குப் போட வேண்டும்.

மாங்காட்டு வீட்டில் இப்போது கூடாரம் பரண் மேல் இருக்கிறது. கோடைப் பயணம் நின்றுவிட்டது. பிள்ளைகள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். தை மாதத்தில் டாப்ஸ்லிப், அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடியம் என்று முடிவானதும் சமாதானம் ஆனார்கள். தகப்பனார் ஒரு தாளை எடுத்து, தேதி, பெயர், வயது எல்லாம் குறித்தார். 'எத்தனை பேர்' என்ற இடத்தில் 4 என்று எழுதினார்.

ஆயா எட்டிப் பார்த்தார்.

4-ஐ அடித்துவிட்டு 5 என்று எழுதினார் தகப்பனார்.